மதிப்பீட்டு எல்லை

கோண்டாவிலில் வீடு.
வீட்டுக்காரர் ரொறன்ரோவில்.
படிவத்தோடு வந்திருப்பது நான்,
மொத்தம் நூற்றுப்பத்துப் புள்ளிக்கு.

கூரையில் பதினாறு சூரியத் தகடு. எழுதினேன்.
மழைநீர்த் தொட்டி பன்னிரண்டாயிரம் லீற்றர்,
வாயில் சருகு வடிக்கும் வலை. எழுதினேன்.
தெற்கே மூன்றடி நீண்ட தாழ்வாரம்,
மத்தியான வெயில்
யன்னல் விளிம்போடு நின்றுவிடுகிறது.
சுவரில் பெயின்ற் நாற்றம் இல்லை.
கிட்டப் போய் மோந்து பார்த்தேன்,
இதற்கும் எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள்.

பிறகு தண்ணீர் மீற்றர்.
நான் பார்த்த வீடுகளுக்குள் இதுதான் ஆகக் குறைவு.
மின்சாரமும் அப்படியே,
சபைக்கு விற்றதுதான் மிச்சம்.
சந்தோசமாக எழுதிக்கொண்டு போனவளுக்கு
பாதி வரியில் உறைத்தது.
ஆள் இல்லாத வீடு
எதைத்தான் வீணாக்கும்?

குடியிருப்போர் தொகை என்றொரு கட்டம்.
பூச்சியம் போட்டேன். கணினி ஏற்கவில்லை.
ஆளுக்கு எத்தனை லீற்றர் என்று
அதற்கு வகுத்துப் பார்க்க வேண்டுமாம்.

படுக்கையறையில் ஒரு சுவரைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள்.
பழைய சுண்ணாம்புக்கல்.
மீள்பாவனைக்கு நாலு புள்ளி,
எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம், விற்றவர் ஒப்பம்
மூன்றும் இருந்தால்.
மேசன் கிருபாகரனுக்கு எடுத்தேன்.
"பக்கத்து வளவுதான் அக்கா, இருவது மீற்றர் வராது.
ஒப்பமோ?
அந்த வீட்டுக்காரர் ஆரெண்டு
விதானையாருக்கே தெரியாது."
போக்குவரத்துக் காபன்: புறக்கணிக்கத்தக்கது.

அந்தக் கற்களில் ஒன்றில்
விரல் போகும் ஆழத்துக்கு ஒரு துளை.
வடிவென்று நினைத்து
உள்ளே சின்ன விளக்கு வைத்திருக்கிறார்கள், இரண்டு வாட்.
விரலை விட்டுப் பார்த்தேன்.
ஏன் விட்டேனோ தெரியாது.
பிறகு விளக்கின் வாட்டைக் குறித்துக்கொண்டேன்.

பின்வளவில் தகரக் கொட்டில்.
காவலுக்கு நிற்கிற பத்திநாதன், குருநகர் ஆள்,
மனைவி றெஜினா,
பாலர் பாடசாலைச் சீருடையோடு நித்திரையாகிப்போன பிள்ளை.
பாய்க்கு மேலே வெப்பமானியைப் பிடித்தேன், முப்பத்தொன்பது.
வீட்டுக்குள் இருபத்தொன்பது.
வரைபடத்தில் சிவப்புக் கோடு, மதிப்பீட்டு எல்லை.
அது நேரே வந்து
கொட்டிலுக்கு ஒன்றரை மீற்றர் முன்னால்
மரியாதையாகத் திரும்பிப் போகிறது.

வீட்டுக்கு அடைத்த கழிவுத்தொட்டி, ஆறு புள்ளி.
இவர்களுக்கு வெறும் குழி,
அடுத்த வளவுக் கிணற்றுக்குப் பதினெட்டு அடி.
எங்கட ஊரில் நிலத்துக்குக் கீழே கல் முழுக்க ஓட்டை.
ஊற்றுகிறது எங்கே போகும் என்று
பத்திநாதனுக்கும் தெரியும்.
"நாங்களும் அந்தக் கிணத்திலதான் அள்ளுறம் தங்கச்சி,"
என்று சொல்லி
தேத்தண்ணியை நீட்டினார்.
குடித்தேன்.

பென்சிலால் கோட்டைப் பின்னுக்குத் தள்ளினேன்.
குடியிருப்போர்: மூன்று.
கணினி உடனே ஏற்றது.
பிளாற்றினம் என்று நின்றது
வெள்ளிக்கு இறங்கி, அங்கும் நிற்காமல்
'தகுதி இல்லை' என்று போய் நின்றது.

ரொறன்ரோவில் விடியாத நேரம். ஆனாலும் எடுத்தார் வரோதயன்.
கோபிக்கவில்லை, நல்ல மனுசன்.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:
"அப்ப, அந்தக் கொட்டிலைக் கழட்டிவிட்டா
சரிவருமோ?"

றெஜினா கோப்பையை எடுக்க வந்து நின்றாள்.
தொலைபேசியின் சத்தத்தைக் குறைத்தேன்.

படிவத்தின் அடியில் பரிந்துரைக்கு இரண்டு வரி இடம்.
முதல் வரியில் எழுதினேன்:
பின்பக்க விருந்தினர் அறையைத் திறந்துவிடவும்,
இருபத்தொன்பது பாகை, மூன்று பேருக்குப் போதும்.
இரண்டாவது வரியில்
சாவி யாரிடம் என்று கேட்டிருக்கிறேன்.